'லுக் அட்' வேறு, 'லுக் ஆஃப்டர்' வேறு: ஆங்கில வினையோடு வரும் சிறுசொற்கள்

என் மாலை வகுப்புக்கு வரும் செவிலியர் ஒருவர் வெளிநாட்டு வேலைக்கான நேர்காணலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். முந்தைய நாள் இரவுப் பணியைப் பற்றி ஆங்கிலத்தில் நாலு வரி பேசச் சொன்னேன். 'ஐ லுக்டு அட் தி பேஷண்ட் ஆல் நைட்' என்று தொடங்கினார். இரவு முழுக்க நோயாளியைப் பார்த்துக்கொண்டேன் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. ட்ரிப் மாற்றியிருக்கிறார், மணிக்கொரு தரம் காய்ச்சல் பார்த்திருக்கிறார், நனைந்த விரிப்பை இரண்டு முறை மாற்றியிருக்கிறார். ஆனால் அந்த ஆங்கில வாக்கியத்தைக் கேட்பவருக்குக் கிடைக்கும் செய்தி வேறு: இரவு முழுக்க நோயாளியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஓர் இரவின் உழைப்பு முழுவதும் ஒரு சிறுசொல்லில் காணாமல் போய்விட்டது. 'ஆஃப்டர்' வரவேண்டிய இடத்தில் 'அட்' வந்ததுதான் காரணம்.

இலக்கணப் புத்தகத்தை வைத்துப் பார்த்தால் அந்த வாக்கியத்தில் பிழையே இல்லை. எழுவாய் சரி, காலம் சரி, சொல் வரிசை சரி. அதனால்தான் இந்தப் பிழை திருத்துபவர் கண்ணுக்கும் எளிதில் தப்பிவிடுகிறது.

இந்தச் சிறுசொற்களைப் பற்றி நம்மிடையே இரண்டு கருத்துகள் உலவுகின்றன. 'அதற்கெல்லாம் விதியே கிடையாது, மனப்பாடம் செய்யவேண்டியதுதான்' என்பது ஒன்று. 'இன் என்றால் உள்ளே, ஆன் என்றால் மேலே, ஃபார் என்றால் கு, வித் என்றால் ஓடு' என்று பட்டியல் போட்டுக்கொள்வது இன்னொன்று. முதல் கருத்து பாதிதான் உண்மை. இரண்டாவது நம்மை நேராகத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தக்கூடியது.

## நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் கருவி

இரண்டு பேர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், நீங்களும் சிரிக்கிறீர்கள். அவர்கள் முகம் சுருங்குகிறது. உடனே சொல்வீர்கள்: 'உங்களைப் பார்த்துச் சிரிக்கல, உங்களோட சேர்ந்துதான் சிரிச்சேன்.' ஆளும் அதே ஆள், சிரிப்பும் அதே சிரிப்பு. 'பார்த்து' என்பதற்கும் 'ஓடு' என்பதற்கும் இடையில் ஒரு நட்பே தங்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் இதைச் சொல்ல 'ஐ லாஃப்டு வித் யூ, நாட் அட் யூ' என்றால் போதும்.

'ஓடு', 'கு', 'ஆல்', 'இடம்' போலப் பெயரின் கடைசியில் ஒட்டிக்கொண்டு, அந்தப் பெயருக்கும் வினைக்கும் என்ன உறவு என்று காட்டுவது வேற்றுமை உருபு. பள்ளியில் எட்டு வேற்றுமை என்று படித்தோமே, அதுதான். பெரும்பாலும் இதே வேலையை ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் தனியாக நின்று செய்யும் சொல்லுக்கு முன்னிடைச்சொல் என்று பெயர். நாம் பின்னால் ஒட்டுகிறோம், அவர்கள் முன்னால் நிறுத்துகிறார்கள்.

ஆங்கிலமும் ஒரு காலத்தில் பின்னால் ஒட்டிய மொழிதான். சுமார் 1000 ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் கல்லுக்கு 'ஸ்டான்' என்று பெயர். கல்லின் என்று சொல்ல 'ஸ்டானெஸ்', கல்லுக்கு என்று சொல்ல 'ஸ்டானெ'. அப்போதும் முன்னிடைச்சொற்கள் இருந்தன, ஆனால் பாரம் முழுவதும் அவற்றின் தலையில் இல்லை. அடுத்து வந்த சில நூற்றாண்டுகளில் இந்த ஈறுகள் பேச்சில் தேய்ந்து உதிர்ந்தன. அவை செய்துவந்த வேலையைச் சொல் வரிசையும் முன்னிடைச்சொற்களும் பங்கு போட்டுக்கொண்டன. இன்றைய 'ஹிம்', 'ஹூம்' போன்ற வடிவங்களில் பழைய அடையாளம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

## பட்டியல் காலை வாரும் இடம்

முன்னிடைச்சொல் என்பது ஆங்கில வேற்றுமை உருபு என்றால், ஒவ்வொன்றுக்கும் நேர் தமிழ் உருபு ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். செய்துபார்ப்போம்.

'நான் அவருக்குப் பயப்படுகிறேன்.' கண்டிப்பான மேலதிகாரியைப் பற்றிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். 'அவருக்கு' என்று இருப்பதால் 'ஃபார் ஹிம்' போட்டு 'ஐ ஆம் அஃப்ரெய்ட் ஃபார் ஹிம்' என்கிறோம். ஆங்கிலத்தில் இதன் பொருள், அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது என்பது. நாம் நினைத்ததைச் சொல்ல 'ஐ ஆம் அஃப்ரெய்ட் ஆஃப் ஹிம்' என்று வரவேண்டும்.

இரண்டையும் ஒரே மூச்சில் வைத்துப் பாருங்கள்: 'ஐ ஆம் நாட் அஃப்ரெய்ட் ஆஃப் ஹிம், ஐ ஆம் அஃப்ரெய்ட் ஃபார் ஹிம்.' அவரைக் கண்டு எனக்குப் பயமில்லை, அவரை நினைத்துத்தான் பயம். ராத்திரி பத்து மணிக்கு மேல் வண்டியோட்டிக்கொண்டு வரும் மகனைப் பற்றி ஓர் அம்மா சொல்லக்கூடிய வாக்கியம் இது. பட்டியலை நம்பினால் அச்சமும் அக்கறையும் இடம் மாறிவிடும்.

உருபின் பொருளை உருபு மட்டும் முடிவு செய்வதில்லை, பக்கத்தில் நிற்கும் வினையும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது என்பதே இதற்குக் காரணம். தமிழிலும் அப்படித்தான். 'அவருக்குக் கொடுத்தேன்' என்பதில் 'கு' பெறுபவரைக் காட்டுகிறது. 'அவருக்குப் பயந்தேன்' என்பதில் அதே 'கு' பயத்தின் காரணத்தைக் காட்டுகிறது. தமிழ் கற்க வரும் வெளிநாட்டவர் இதற்கு விளக்கம் கேட்டால் நாமும் ஒரு நிமிடம் யோசிப்போம்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: முன்னிடைச்சொல் நம் வேற்றுமை உருபுக்கு உறவுக்காரர். ஆனால் ஒன்றுக்கு ஒன்று என்று ஜோடி சேர்க்க முடியாது. வினையையும் சிறுசொல்லையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

## ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது

சாம்பாரில் எது குறைகிறது என்று கண்டுபிடிக்க, புளி, உப்பு, மிளகாய் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கூட்டமாட்டோம். ஒன்றை மட்டும் மாற்றி ருசி பார்ப்போம். சிறுசொற்களுக்கும் அதே வழி. ஆளை மாற்றாதீர்கள், வினையை மாற்றாதீர்கள், யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவரையும் மாற்றாதீர்கள். சிறுசொல்லை மட்டும் மாற்றி, 'இது உண்டு, அது இல்லை' என்று ஒரே வாக்கியத்தில் இரண்டையும் எதிரெதிரே நிறுத்துங்கள். இப்படி அமைவதை இந்தக் கட்டுரையில் எதிர்நிலை வாக்கியம் என்று சொல்கிறேன்.

'ஐ த்ரூ தி பால் டு ஹிம், நாட் அட் ஹிம்.' பந்தை அவனிடம் போட்டேன், அவன் மேல் எறியவில்லை. 'டு' என்றால் அவன் பிடிப்பதற்குக் கை நீட்டியிருக்கிறான். 'அட்' என்றால் அவன் வெறும் இலக்கு. தெருவில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் சண்டையில் சொல்லும் நியாயமே இதுதான். 'ஐ ஷவுட்டட் டு ஹிம்' என்றால் தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகக் கூப்பிட்டேன். 'ஐ ஷவுட்டட் அட் ஹிம்' என்றால் அவரைத் திட்டிக் கத்தினேன். 'அட்' எங்கே வந்தாலும் கோபம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 'ஐ ஸ்மைல்டு அட் ஹிம்' என்பது அன்பான புன்னகையாகவே இருக்கலாம். 'அட்' காட்டுவது குறி. குறியை நோக்கிப் போவது பந்தா, வசவா, புன்னகையா என்பதை வினை சொல்லிவிடும்.

'ஐ ஒர்க் வித் ஹிம், நாட் ஃபார் ஹிம்.' அவரோடு சேர்ந்து வேலை செய்கிறேன், அவர் எனக்கு முதலாளி இல்லை. அலுவலகத்தில் நாம் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதையே இந்த ஒரு மாற்றம் தீர்மானிக்கிறது.

'ஐ ஹாவ் ஹெர்ட் ஆஃப் ஹிம், பட் ஐ ஹாவ் நெவர் ஹெர்ட் ஃப்ரம் ஹிம்.' அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், அவரிடமிருந்து ஒரு கடிதமோ தொலைபேசி அழைப்போ வந்ததில்லை. இங்கே 'பற்றி', 'இடமிருந்து' என்று தமிழும் அழகாகப் பிரித்துக் காட்டுகிறது.

## 'நான்' என்று தொடங்கும்போது

'அவர்', 'அது' என்று பேசும்போது தவறினால் ஒரு தகவல் பிசகும். 'நான்' என்று தொடங்கும் வாக்கியத்தில் தவறினால், நாம் செய்யாத ஒன்றைச் செய்ததாகச் சொல்லிவிடுவோம், அல்லது செய்ததை இழந்துவிடுவோம். நேர்காணலில் ஒரு துறைத்தலைவரின் பெயரைச் சொல்லி, தெரியுமா என்று கேட்கிறார்கள். பெயர் கேள்விப்பட்டிருப்பதால் 'தெரியும்' என்று நினைத்து 'ஐ நோ ஹிம்' என்று சொன்னால், அவரோடு பழக்கம் உண்டு என்று உரிமை கோருவதாகிவிடும். 'ஐ நோ ஆஃப் ஹிம், பட் ஐ டோன்ட் நோ ஹிம்' என்றால் நேர்மையான பதில்: அப்படி ஒருவர் இருக்கிறார் என்று தெரியும், பழக்கமில்லை.

இதில் தமிழருக்கென்றே ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. தமிழில் நமக்கே உருபு ஒட்டிக்கொள்கிறது. எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும், எனக்கு அவர் மேல் கோபம், எனக்குப் பயம். இவற்றில் 'நான்' என்பதே வாயில் வருவதில்லை. தெரிவதும் பிடிப்பதும் நமக்கு நேர்கின்றன, நாம் அவற்றைச் செய்வதில்லை என்பது நம் மொழியின் பார்வை. எனக்கு மிகவும் பிடித்த பார்வை அது. ஆங்கிலத்தில் இவை எல்லாவற்றுக்கும் 'ஐ' என்ற மொட்டை எழுவாய்தான்: ஐ நோ, ஐ லைக், ஐ நீட், ஐ ஆம் ஆங்ரி. ஆகவே உறவைக் காட்டும் பொறுப்பு முழுவதும் வினைக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது. நாம் பழக்கத்தில் அந்தப் பக்கத்தைக் கவனிக்காமல் விடுகிறோம்.

## சிறுசொல் இல்லாமலே நிற்கும்போது

மேலே 'நோ ஹிம்' என்பதில் சிறுசொல்லே இல்லை. அதுவும் ஒரு தேர்வுதான். வினையும் பெயரும் இடைவெளியின்றி நின்றால் செயல் நேராகப் போய்ப் படுகிறது. நடுவில் சிறுசொல் புகுந்தால் பல வினைகளில் கொஞ்சம் விலகல் வந்துவிடுகிறது.

'ஐ ரீச்டு ஃபார் தி கிளாஸ், பட் ஐ டிட்ன்ட் ரீச் இட்.' டம்ளரை எட்டிப் பிடிக்கக் கை நீட்டினேன், எட்டவில்லை. 'ஐ ஷாட் அட் தி டைகர்' என்றால் புலியைக் குறிவைத்துச் சுட்டேன், பட்டதா என்று தெரியாது. 'ஐ ஷாட் தி டைகர்' என்றால் பட்டுவிட்டது.

'நம்புகிறேன்' என்ற சொல்லில் இந்த விலகல் வேறு வடிவம் எடுக்கிறது. 'ஐ பிலீவ் யூ' என்றால் நீ இப்போது சொல்வது உண்மை என்று ஏற்கிறேன். 'ஐ பிலீவ் இன் யூ' என்றால் உன் மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது, நீ சாதிப்பாய். தேர்வில் தோற்றுவிட்டு வந்து, நன்றாகத்தான் எழுதினேன் என்று சொல்லும் பிள்ளையிடம் அப்பா, 'ஐ டோன்ட் பிலீவ் யூ, பட் ஐ பிலீவ் இன் யூ' என்று சொல்ல முடியும். நீ சொல்வதை நம்பவில்லை, உன்னை நம்புகிறேன். தமிழில் இரண்டுக்கும் 'நம்பு' ஒன்றே போதுமானதாக இருப்பதால் 'இன்' நமக்குத் தேவையற்றதாகத் தோன்றுகிறது.

எல்லா வினைக்கும் இந்த விலகல் விதியைப் பூட்ட வேண்டாம். 'லிஸன் டு' என்பதில் 'டு' இருந்தும் கேட்பது முழுமையான கேட்பதுதான். இதற்கான காரணம் அடுத்த பகுதியில் இருக்கிறது.

## மூன்று விதமான ஒட்டு

வினைக்கும் சிறுசொல்லுக்கும் இருக்கும் நெருக்கம் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. மூன்று நிலை என்று வைத்துக்கொண்டால் ஆரம்பத்துக்குப் போதும்.

முதல் நிலை, சுதந்திரமானது. 'ஒர்க்' என்ற வினைக்குப் பின்னால் 'வித்', 'ஃபார்', 'அண்டர்' எதுவும் வரலாம். வருவதற்கேற்பப் பொருள் மாறும். மேலே பார்த்த எதிர்நிலை வாக்கியங்களில் பல இந்த வகை.

இரண்டாவது நிலையில் வினை தனக்கான சிறுசொல்லைத் தானே தீர்மானித்துவிடுகிறது. 'டிபெண்ட்' என்றால் 'ஆன்', 'லிஸன்' என்றால் 'டு'. இதற்குப் பெரிய காரணம் தேட வேண்டாம், 'பயப்படு' என்ற வினை 'கு' கேட்பதுபோலத்தான். மனப்பாடம் என்ற அறிவுரை பொருந்தும் இடம் இது. மனப்பாடம் செய்வதாக இருந்தாலும் 'டிபெண்ட்' என்று தனியாகச் செய்யாமல் 'டிபெண்ட் ஆன்' என்று ஒரே சொல்லாகச் செய்யுங்கள்.

மூன்றாவது நிலையில் இரண்டும் உருகி ஒன்றாகிவிடுகின்றன. 'கிவ்' என்றால் கொடு, 'கிவ் அப்' என்றால் கைவிடு. கொடுப்பதற்கும் கைவிடுவதற்கும் நேரடித் தொடர்பைத் தேடினால் கிடைக்காது. 'லுக் ஆஃப்டர்' என்பதும் அப்படியே. இப்படி ஒன்றாகி வேறு பொருள் தரும் சேர்க்கையைக் கூட்டுவினை என்று சொல்லிக்கொள்வோம். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர், லோகன் பியர்சால் ஸ்மித் என்ற எழுத்தாளர் 1925-இல் எழுதிய நூலின் வழியாகப் பரவியது. பெயர்தான் புதிது, தொல்லை பழையது. 1755-இல் தம் பெரிய அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வினையோடு இப்படிச் சிறுசொல்லைச் சேர்ப்பதுதான் அயல்நாட்டவருக்கு மிகப் பெரிய இடர் என்று அதன் முன்னுரையிலேயே குறிப்பிட்டார்.

எது எந்த நிலை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் மாணவர்களுக்குச் சொல்லும் சோதனை எதிர்நிலை வாக்கியம்தான். சிறுசொல்லை மட்டும் மாற்றி 'இது, அது அல்ல' என்று சொல்லிப்பாருங்கள். 'ஐ ஒர்க் வித் ஹிம், நாட் ஃபார் ஹிம்' நிற்கிறது. அப்படியானால் சிறுசொல்லுக்குச் சொந்தப் பொருள் இருக்கிறது. 'ஐ டிபெண்ட் ஆன் ஹிம், நாட் வித் ஹிம்' நிற்கவில்லை, கேட்பவர் விழிப்பார். அப்படியானால் அங்கே தேர்வே இல்லை, வினை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. கூட்டுவினையில் சோதனை வேறு மாதிரி நடக்கும்: சிறுசொல்லை மாற்றியதும் உறவு மட்டுமல்ல, வினையே மாறிவிடும். 'லுக் அட்' பார், 'லுக் ஃபார்' தேடு, 'லுக் ஆஃப்டர்' கவனித்துக்கொள். தமிழில் மூன்று தனி வினைகள்.

கூட்டுவினையைத் தமிழர் புரிந்துகொள்ள நல்ல வழி, நம் துணைவினைகளை நினைத்துக்கொள்வது. துணைவினை என்பது முக்கிய வினைக்குப் பின்னால் வந்து அதன் பொருளுக்கு நிறம் ஏற்றும் இன்னொரு வினை. 'பார்த்தேன்' என்பதோடு 'கொள்' சேர்ந்தால் 'பார்த்துக்கொண்டேன்'. வெறும் பார்வை கவனிப்பாகிவிட்டது. 'சாப்பிட்டேன்' என்பதோடு 'விடு' சேர்ந்தால் 'சாப்பிட்டுவிட்டேன்', தட்டு காலி என்ற முடிவு வந்துவிட்டது. ஆங்கிலத்தில் 'ஈட்' என்பதோடு 'அப்' சேர்ந்தால் கிட்டத்தட்ட அதே முடிவு. நாம் ஒரு வினையைச் சேர்த்துச் செய்வதை அவர்கள் ஒரு சிறுசொல்லைச் சேர்த்துச் செய்கிறார்கள்.

சுருக்கமாக, சிறுசொல் சில இடங்களில் நம் வேற்றுமை உருபின் வேலையைச் செய்கிறது, சில இடங்களில் நம் துணைவினையின் வேலையைச் செய்கிறது. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டு விதியில்லை என்கிறோம்.

## இரண்டு வினை, ஒரே ஆள்

எதிர்நிலை வாக்கியத்தில் வினையும் மாறினால், ஒவ்வொரு வினையும் தன் சிறுசொல்லைத் தானே கொண்டுவர வேண்டும். 'ஐ லிஸன்ட் டு ஹிம், பட் ஐ டிட்ன்ட் அக்ரீ வித் ஹிம்.' அவர் பேச்சைக் கேட்டேன், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. அவசரத்தில் 'ஐ லிஸன்ட் பட் டிட்ன்ட் அக்ரீ வித் ஹிம்' என்று சுருக்கினால் 'வித்' 'அக்ரீ'க்கு மட்டுமே உரியது, 'லிஸன்' யார் பேச்சைக் கேட்டது என்று சொல்லாமல் நிற்கும்.

'அக்ரீ' பற்றி ஒரு வார்த்தை. ஆளோடும் அவர் கருத்தோடும் ஒத்துப்போவது 'அக்ரீ வித்'. ஒரு யோசனைக்குச் சம்மதம் தருவது 'அக்ரீ டு'. 'ஐ அக்ரீ வித் யூ, பட் ஐ கான்ட் அக்ரீ டு திஸ்' என்று ஒரு கூட்டத்தில் சொல்ல முடிந்தால், உறவையும் காப்பாற்றிக் கையெழுத்தையும் தவிர்த்துவிடலாம்.

இதற்கு மறுபக்கமாக, தேவையில்லாத சிறுசொல்லைத் தமிழ்ப் பழக்கத்தில் ஒட்டிவிடுவதும் உண்டு. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதன் 'பற்றி' போய் 'டிஸ்கஸ் அபவுட்' ஆகிறது. 'அவரிடம் சொன்னேன்' என்பதன் 'இடம்' போய் 'டோல்டு டு ஹிம்' ஆகிறது. 'டிஸ்கஸ்', 'டெல்' இரண்டும் பெயரை நேராகத் தொடும் வினைகள்.

## காதில் விழும் வேறுபாடு

எழுத்தில் எல்லாம் சரியாக இருந்தும் பேச்சில் இந்த எதிர்நிலை காணாமல் போகலாம். ஆங்கிலப் பேச்சில் முன்னிடைச்சொற்கள் பொதுவாக அழுத்தம் இல்லாமல், வாய்க்குள்ளேயே ஓடிவிடும். 'ஃபார்' என்பது 'ஃப' என்று மட்டும் கேட்கும், 'டு' என்பது 'ட' அளவுக்குச் சுருங்கும். ஆனால் இரண்டை எதிரெதிரே நிறுத்தும்போது அழுத்தம் நேராகச் சிறுசொல்லின் மேல் போய் உட்காரும், உச்சரிப்பும் முழுதாகும். 'ஐ ஒர்க் வித் ஹிம், நாட் ஃபார் ஹிம்' என்பதில் உரக்க ஒலிக்கவேண்டியவை 'வித்', 'ஃபார்' இரண்டும்தான். 'ஹிம்' மேல் அழுத்தம் கொடுத்தால், அவரோடு இல்லை, வேறு யாரோடோ என்று கேட்பவர் காத்திருப்பார்.

தமிழில் இந்த வேலைக்கு நம்மிடம் 'தான்' இருக்கிறது. 'அவரோடதான் வேலை செய்யறேன்' என்று உருபின் மேலேயே கொண்டுபோய் ஒட்டிவிடுவோம், குரலை உயர்த்த வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் 'தான்' என்பதற்கு நிகராக ஒட்டும் சொல் இல்லாததால் குரல் அதைச் செய்கிறது. எங்கே 'தான்' ஒட்டுவீர்களோ அங்கே அழுத்துங்கள் என்று வகுப்பில் சொன்னேன்.

அந்தச் செவிலியர் நோட்டில் இரண்டு வரி எழுதினார். முதலில் தமிழில்: 'நான் சும்மா பார்க்கல, பார்த்துக்கிட்டேன்.' 'கிட்டேன்' என்பதன் கீழே பேனாவால் கோடு போட்டார். பிறகு அதன் அடியில் ஆங்கில வரி. எழுந்து நின்று படித்தார்: 'ஐ டிட்ன்ட் ஜஸ்ட் லுக் அட் ஹிம். ஐ லுக்டு ஆஃப்டர் ஹிம்.' 'ஆஃப்டர்' என்ற இடத்தில் அவர் குரல் கொஞ்சம் ஏறியது.